பல்புக்கு வைத்த பொட்டு

ஒரு கட்டடம் தலை முதல் கால் வரை விளக்குப் போட்டுக்கொண்டு நின்றால் எனக்கு இன்றைக்கும் பயம். மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நான் எரியாத பல்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். ஒன்றாவது இருந்தால்தான் மூச்சு வரும். எல்லாம் பழுதில்லாமல் எரிந்தால் அங்கே நிற்கப் பிடிக்காது. கால் வலிக்கிறது என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். கிழவிக்கு ரசனை இல்லை என்று பேரன்கள் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். இந்தப் பயம் எனக்கு ஏழு வயதில், திருவனந்தபுரத்தில், மகாராஜாவின் பிறந்தநாளான ஒரு திருநாளன்று வந்தது.

அப்போது நாங்கள் கரமனையில் ஆற்றங்கரைத் தெருவில் இருந்தோம். ஊருக்குக் கரண்ட் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தாலும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அது சுவருக்குள் ஒளிந்திருந்து ஆளை இழுத்துவிடும் என்று அம்மா நம்பினாள். ஆகவே கூடத்தில் குத்துவிளக்கு, அடுக்களையில் சிமினி, வாசலில் அரிக்கன் லாந்தர். மத்தியானம் லாந்தர்க் கண்ணாடியைப் பழந்துணியால் துடைத்து வைப்பது என் வேலை. துடைத்து முடிக்கும்போது பத்து விரலும் கரியாக இருக்கும். இருட்டியபின் தெருவில் வருகிறவரை இருமலை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அந்த இருட்டு எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. வெளிச்சம்தான் பயமாக இருந்தது.

தெருவில் ஆண்கள் கோவில் வேலைக்குப் போவார்கள், அல்லது சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக உட்காருவார்கள். சித்தப்பா ஏணி ஏறினார். ஊரில் வயரிங் வேலையும் அலங்கார விளக்கு வேலையும் எடுத்துச் செய்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் அவர் வயர்மேன். இங்கிலீஷ் படித்தவன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதாமல் குரங்கு மாதிரிச் சுவரில் தொங்குகிறானே என்று அப்பா வாரத்துக்கு ஒரு தடவையாவது வருத்தப்படுவார். சித்தப்பா பதில் பேசமாட்டார். பேசாமல் இருந்தே அண்ணாவைத் தோற்கடிக்கிற வித்தை அவருக்குத் தெரியும்.

சித்தி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். அப்போது ஏழு மாத கர்ப்பம். பயப்படுவதற்கு ஒன்று கிடைத்தால் அதை விடவேமாட்டாள். அகல்விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, வீட்டுக்கு வேண்டிய கண்மையை அவளே செய்வாள். தினமும் காலையில் என்னை மடியில் இருத்தி, கண்ணுக்கு மை தீட்டி, கன்னத்தில் கெட்டியாக ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்துவிடுவாள். எலும்பும் தோலுமாக இருக்கிற இவள் மேல் யார் கண் படப்போகிறது என்று அப்பா சிரிப்பார். சித்தி சிரித்ததில்லை. கண் யார் மேல் படும் என்று யாருக்குத் தெரியும் என்பாள்.

அந்த வருஷம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளி வியாபாரி மூன்று மாடிக் கட்டடம் எழுப்பியிருந்தார். திருநாளன்று எதிர்க்கடைக்காரர் பல்லைக் கடிக்கும்படி அது ஜொலிக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. வேலை சித்தப்பாவிடம் வந்தது. ஆயிரம் பல்பு என்று அவர் சொன்னார். தெருக்கோடியைத் தாண்டுவதற்குள் அது லட்சமாகிவிட்டது. வீட்டில் அப்பாவுக்குக்கூட உள்ளூரப் பெருமை. சித்திதான் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எங்கேயோ ஒரு கல்யாண வீட்டில் விளக்குக் கட்டியவன், எல்லாரும் அண்ணாந்து பார்த்து ஆகா என்று சொன்ன நொடியில் மேலேயிருந்து விழுந்து செத்தான் என்று பால்காரர் சொல்லியிருந்தார்.

அம்மா தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது சித்தி பக்கத்தில் உட்கார்ந்து மனத்தில் இருந்ததைக் கொட்டினாள். நான் தூணைச் சுற்றி விளையாடுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பா, மன்னி. புது வீட்டுக்குக்கூடப் பூசணிக்காயைக் கட்டித் தொங்க விடறா. அத்தனை வெளக்கையும் ஒரு பொட்டுக்கூட வைக்காம ஏத்தினா, ஊர்க் கண்ணு பூரா ஏத்தினவர் மேலதானே விழும்? ஒரே ஒரு பல்பு எரியாம விடுங்கோன்னு கேட்டுப் பார்த்தேன். சிரிக்கறார்."

அம்மா ஆட்டுக்கல்லை நிறுத்தாமல், பகவான் பார்த்துப்பார் என்றாள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பகவானுக்குத் திருநாளன்று எவ்வளவோ வேலை இருக்கும். சித்தப்பா விழுந்துவிடுவார் என்று நான் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். ராத்திரி பாயில் படுத்தபோதும் அவர் விழுந்துகொண்டே இருந்தார்.

திருநாளன்று மத்தியானம் நான் அழுத அழுகையில், சித்தப்பா என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் கச்சேரி விட்டதும் அப்பா வந்து என்னை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஐப்பசி மாதம். காலையில் ஒரு மழை கொட்டி ஓய்ந்திருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கைப்பிடிச் சுவரின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முகப்பு எழும்பி, அதன் உச்சியில் சிமெண்ட் சங்கு ஒன்று இருந்தது. சுவரின் ஒரு மூலையில் தொடங்கி, முகப்பின் மேல் ஏறி, சங்கைச் சுற்றி, மறுபக்கம் இறங்கி, அடுத்த மூலை வரைக்கும் தெருவைப் பார்த்தபடி ஒரே சரமாகச் சின்னச் சின்னச் சிவப்புப் பல்புகள். கட்டடத்துக்குக் கிரீடம் என்று சித்தப்பா சொன்னார். எதையும் தொடக்கூடாது என்றும் சொன்னார். பிறகு கீழே யாரோ கூப்பிட, போய்விட்டார்.

எனக்குக் கிடைத்த சமயம் அதுதான். கன்னத்துப் பொட்டை எச்சில் விரலால் வழித்து எடுத்தேன். மூலையில் சுவர் மேல் வயிற்றை வைத்துப் படுத்து, தலையை வெளியே நீட்டி, கைக்கு எட்டிய கடைசிப் பல்பின் மேல் மையைத் தடவினேன். மூன்று மாடிக்குக் கீழே மாட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நானே விழலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. விழப்போகிறவர் சித்தப்பாதானே.

மை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை. கீழே நிற்கிறவன் கண்ணுக்கு இத்தனூண்டு மை தெரியுமா? சித்தி கேட்டது எரியாத பல்பு. சித்தப்பா பல்புகளைத் திருகித் திருகி முடுக்கியதைப் பார்த்திருந்தேன். அதே பல்பை எதிர்ப்பக்கமாக அரைத் திருகு திருகிவிட்டேன். அது இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு முதல் முறையாக எனக்குப் பசித்தது.

சாயங்காலம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரியில் நின்றேன். சாலை முழுக்கத் தலைகள். அப்படிப்பட்ட கூட்டத்தை நான் அதற்கு முன் கோவில் ஆராட்டு ஊர்வலத்தில்தான் பார்த்திருக்கிறேன். விளக்கைப் போட்டார்கள். பச்சையும் மஞ்சளும் நீலமுமாகக் கட்டடம் திடீரென்று தீப்பிடித்தது போல எழுந்து நின்றது. நான் மூலையில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியைத் தேடினேன்.

புள்ளி இல்லை. மேல் வரிசையே இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், சங்கு உட்பட, முழு இருட்டு. கட்டடத்தின் தலையை யாரோ சீவி எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிற்று. எதிர்க்கடையிலிருந்து யாரோ சீட்டியடித்தார்கள். முதலாளி வாசலில் வந்து நின்று கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் மேலே பார்த்துக் கத்தினார். ஒரே சரத்தில் ஒரு பல்பு தளர்ந்தாலும் எல்லாம் அணைந்துவிடும் என்பது ஏழு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? என் ஒரு திருகுக்கும் இத்தனை இருட்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் அணைத்தது ஒன்று. மிச்சத்தை ஊர்க் கண் அணைத்துவிட்டது. பல்புகளை விழுங்கியாயிற்று, அடுத்தது சித்தப்பாதான்.

அந்த நேரத்தில் சித்தப்பா முகப்பின் மேல் ஏறினார். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டிருந்தார். மழை மேலேதான் அதிகம் நனைத்திருக்கும், பழுது சங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். நனைந்த சிமெண்டில் பாதம் வைக்க ஓர் அடி அகலம்கூடக் கிடையாது. ஒரு கையால் சங்கைக் கட்டிக்கொண்டு மறுகையால் ஒவ்வொரு பல்பாகத் தொட்டுத் தொட்டுத் திருகிப் பார்த்தார். கீழேயிருந்த ஆயிரம் பேரும் இப்போது விளக்கைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்கள்.

அவருடைய வலது கால் வழுக்கிற்று. வேட்டி ஒரு தரம் காற்றில் விரிந்தது. டார்ச் கீழே விழுந்து தெருவில் சிதறிற்று. நான் "சித்தப்பா" என்று கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார். தம்பியை வாரந்தவறாமல் குரங்கு என்றவர், எந்தச் சாமி பெயரையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா சங்கில் தொங்கி, காலைத் துழாவி, எப்படியோ மறுபடியும் நின்றார்.

மூலைப் பல்பைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் உடனே அதையும் எரியவிடுவார்கள். பொட்டு போய்விடும். பொட்டு போனால் அவர் போய்விடுவார். இதைத்தான் நான் அப்பாவின் உள்ளங்கைக்குள் வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் இவ்வளவு பிடிவாதமாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை.

அவர் முகப்பிலிருந்து இறங்கினார். வேறு டார்ச் கொண்டுவரச் செய்து, கைப்பிடிச் சுவரின் மேல் குனிந்து, பல்பு பல்பாகப் பார்த்துக்கொண்டு என் மூலையை நோக்கி வந்தார். வராதே, வராதே என்று மனத்துக்குள் கெஞ்சினேன். கடைசிப் பல்புக்கு வந்ததும் நின்றார். டார்ச்சைக் கிட்டே பிடித்தார். மற்றதையெல்லாம் ஒரு நொடியில் தாண்டியவர் அங்கே வெகுநேரம் நின்றார். பிறகு சட்டையின் கீழ் விளிம்பை இழுத்து என்னவோ செய்தார். கை அசைந்தது.

கிரீடம் முழுவதும் ஒரே சமயத்தில் எரிந்தது. கூட்டம் ஆரவாரித்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் விழுகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

முதலாளியும் கான்ட்ராக்டரும் அவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்கள். நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம். யாராவது எதிராளி கைவைத்தானா என்று முதலாளிக்குச் சந்தேகம். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பல்பை முடுக்க மறந்துவிட்டேன், என் தப்புதான் என்று சொன்னார். அவர் வேலையில் எதையும் மறக்கிறவர் இல்லை என்று கான்ட்ராக்டருக்கே தெரியும். ஆனாலும் முதலாளி முன்னால் யாரையாவது தண்டித்தாக வேண்டும். தெற்கே எல்லைப் பக்கம் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கிற கூட்டத்தோடு மறுநாளே போகும்படி சொல்லிவிட்டார். நகரத்து வேலை இனி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தி அவரைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். குத்துவிளக்கு வெளிச்சத்தில் சட்டையின் விளிம்பு அவள் கண்ணில் பட்டது. வெள்ளைத் துணியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக ஓர் ஈஷல். இது என்னவென்று கேட்டாள்.

"வெளக்குக் கரியாக்கும். தோச்சாப் போயிடும்" என்றார் சித்தப்பா. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆயிரம் விளக்கோடு மல்லுக்கட்டியவர் சட்டையில் கரி படாமல் என்ன செய்யும் என்று அம்மா சொன்னாள். அப்பா ஆமாம் என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் விடியும்போது அவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். தை மாதம் சித்திக்குப் பிரசவ வலி எடுத்தபோது அவர் எங்கேயோ வயல்வெளியில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார். அறைக்குள்ளிருந்து சித்தி அவரைக் கேட்டுக்கேட்டு அழுதாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். பெண் குழந்தை பிறந்து பத்து நாள் கழித்துத்தான் அவரால் வந்து பார்க்க முடிந்தது. இதெல்லாம் கண்ணேறு செய்த வேலை என்று சித்தி சொன்னபோது நானும் தலையாட்டினேன். கண்ணேறு அவர் வேலையைத் தின்றது, உயிரை மட்டும் என் பொட்டு காப்பாற்றிவிட்டது என்று எனக்கு ரகசியமாக ஒரு கர்வம். அதை வெகுகாலம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, கரண்ட் இருக்கிற வீட்டுக்குப் போனேன். முதல் கார்த்திகைக்கு முந்தின நாள், ஒட்டடை அடித்த கையோடு கூடத்துப் பல்பையும் துடைத்துவிடலாம் என்று முக்காலி மேல் ஏறினேன். பழைய லாந்தர் நினைப்பில், கரி புடவையில் படாமல் இருக்கத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். துடைத்துவிட்டுத் துணியைப் பார்த்தேன். கொஞ்சம் தூசு இருந்தது. இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தேன். தூசுதான். அந்த முக்காலியிலிருந்து இறங்க எனக்கு நேரமாயிற்று.

மின்சார விளக்கில் கரி பிடிக்காது என்று, அன்றைக்கு எங்கள் வீட்டில் சித்தப்பா ஒருத்தருக்குத்தான் தெரியும்.