மஞ்சள் கொடி இறங்கும்வரை

ஏழெட்டு வருடம் முன்பு, எழுபதுகளின் தொடக்கத்தில், நாங்கள் கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த புதிது. என் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவர் கப்பலேறிப் போன பிறகு பிறந்த மகளை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

ஒரு காலை அவருடைய கப்பல் வந்து, கரைக்கு வராமல் தள்ளியே நின்றது. உச்சியில் மஞ்சள் துணி. எங்கள் வீட்டில் நேர்ந்துகொண்டால் மஞ்சள் துணியில்தான் காசு முடிந்துவைப்போம். நல்லபடி வந்து சேர்ந்ததற்கு அவர்தான் கட்டியிருக்கிறார் என்று பூரித்துப்போனேன். மீன் குழம்பும் குழந்தையுமாக வள்ளத்தில் ஏறிவிட்டேன்.

எந்தக் கப்பல் என்று நான் கைகாட்டியதும் வள்ளக்காரர் துடுப்பை நிறுத்தினார்.

“ஐயோ சேச்சி, அது தீனக் கொடியாக்கும்! வெளிநாட்டுலேர்ந்து எந்தக் கப்பல் வந்தாலும், சீக்கு இல்லைன்னு டாக்டர் ஏறிப் பார்த்து கொடியை இறக்கச் சொல்ற வரை ஆரும் பக்கத்துல போகக்கூடாது.”

அதற்குள் கப்பல் விளிம்பில் என் கணவர் தெரிந்தார். “கிட்ட வராதே! கூட இருக்கிறவனுக்கு அம்மை போட்டிருக்கு!”

குழந்தைக்கு இன்னும் அம்மை ஊசி குத்தவில்லை. வள்ளம் திரும்பும்போது மறுபடி அவர் குரல் வந்தது.

“பாப்பாவைத் தூக்கி மட்டும் காட்டு!”

தூக்கினேன். கை கடுத்தும் இறக்கவில்லை.

மறுநாளே அவளுக்கு அம்மை ஊசி குத்தவைத்தேன். இப்போதெல்லாம் அவர் கப்பல் வந்தால் முதலில் கொடியைத்தான் பார்க்கிறேன். மஞ்சள் இறங்கிய பிறகுதான் உலை வைக்கிறேன். அதுவரை கரையிலேயே நிற்கிறோம். தூக்க முடியாதபடி வளர்ந்துவிட்ட மகள், என் பக்கத்தில் எக்கி எக்கிப் பார்க்கிறாள்.