அங்கம்மா போர்வைக்குக் கிடைத்த ரிப்பன்

இலங்கை மலையகத்தில், றொசல்ல தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த அங்கம்மாவுக்கு துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைப்பதில் பைத்தியம். 1958 சித்திரை லீவு முழுக்க அட்டன், தலவாக்கலை என்று துணிக்கடை துணிக்கடையாக ஏறி வெட்டுத்துண்டு கேட்டு வாங்கினாள். கடைசியாக நுவரெலியாவில் தையல் கண்காட்சி பார்க்கப் போனாள். குளிர் தாங்காமல், தான் தைத்த போர்வையால் தலையோடு மூடிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள்.

தோளில் ஏதோ குத்தியதும் விழித்தாள். காட்சிக்கு வைத்த போர்வை என்று நினைத்து, நடுவர் அம்மா இரண்டாம் பரிசு ரிப்பனை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். போர்வை எழுந்து நின்றதும் அவர் அலறிவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா. நான் உக்காந்திருந்ததுல பாதிப் போர்வைதான் தெரிஞ்சிருக்கும். இப்பப் பாருங்க!"

அங்கம்மா இரண்டு கையையும் விரித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். நடுவர் அம்மா முழுப் போர்வையையும் பார்த்துவிட்டு, முதல் பரிசு ரிப்பனை மறு தோளில் குத்தினார்.

இரண்டு ரிப்பனோடும் அங்கம்மா பஸ் ஏறினாள்.