பாதி திறக்கும் ஜன்னல்

கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. சொந்த வீடுதான், ஆனால் நான் அதை அப்படி நடத்தியதில்லை. கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை. சீக்கிரமே ரிடையர்மென்ட் வாங்கிக்கொண்டு திருச்சிக்குப் போய்விடுவோம் என்ற நினைப்பிலேயே சுவரில் ஓர் ஆணி அடிக்க விட மாட்டேன். காலண்டர்கூட ஜன்னல் கொக்கியில்தான் தொங்கும். கல்கத்தாவில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பாதி இப்படித்தான், நாளைக்கே ரயில் ஏறப்போகிறவர்கள்போல இருபது வருஷம் குடியிருந்தன.

ஜன்னல்கள் வீட்டோடு வந்தவை. ஆளுயர மரக் கதவுகள், குறுக்கே சாய்வான பட்டைகள், உரிந்துபோன பச்சைப் பெயிண்ட். மழைக்காலத்தில் மரம் ஊதிக்கொண்டு மூடாது. வெயில் காலத்தில் உடைந்த பட்டைகள் வழியாகச் சந்துப் புழுதி அத்தனையும் உள்ளே வரும். சித்திரை, வைகாசியில் சாயங்காலப் புயல் கிளம்பினால் என் மனைவி என் பழைய வேட்டிகளைக் கிழித்து இடுக்குகளில் திணிப்பாள். அவளுக்கு இளைப்பு. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இரண்டு நாள் மூச்சுக்குத் திணறுவாள்.

"ஜன்னலையாவது மாத்துங்களேன்" என்பாள்.

"இன்னும் ரெண்டு வருஷம். அப்புறம் எவனோ வாங்கப்போற வீடு. அவனுக்கு நாம ஜன்னல் போட்டுக் குடுக்கணுமா?"

ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு. இந்தப் பேச்சு தொண்ணூறுகள் முழுக்க நடந்தது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார். புழுதியும் ஈரமும் அவளுக்கு ஆகாது, நல்ல காற்று வேண்டும் என்றார். அதற்கப்புறம்தான் அவளைக் கூட்டிக்கொண்டு ஜன்னல் கடைக்குப் போனேன்.

மாதிரிக்கு நிறுத்தி வைத்திருந்த ஜன்னல்களை அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, முகத்தை நீட்டிப் பார்த்தாள். கடைக்குள் ஏது காற்று? இருந்தும் பார்த்தாள். கண்ணாடி பதித்த மர ஜன்னல் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இது ரெண்டு கதவும் முழுசாத் திறக்குது பாருங்க."

நான் பக்கத்திலிருந்த அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலைக் காட்டினேன். விலை பாதி.

கடைக்காரர் நடுவயது வங்காளி, வருகிறவர்களை எல்லாம் 'தாதா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். "எத்தனை வருஷம் இருக்கப்போறீங்க, தாதா? ரொம்ப நாள்னா மரமே போடுங்க" என்றார்.

"ரெண்டு வருஷம்" என்றேன்.

"நான் இங்கேயேதான் இருப்பேன்" என்றாள் அவள், வங்காளத்தில், அவரைப் பார்த்து. அவளுடைய வங்காளம் என்னுடையதைவிட எப்போதும் சுத்தம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து, அவள் மனதில் இருப்பதை ஒரு கடையில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

திரும்பும்போது டிராமில் சண்டை. "திருச்சி திருச்சிங்கிறீங்களே, அங்க எனக்கு யாரு இருக்கா? மூச்சு முட்டினா ஓடி வர்றது எதிர்வீட்டு தீதிதான்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் ஆபீஸ் முடிந்து தனியாகக் கடைக்குப் போய் அலுமினியத்துக்கு ஆர்டர் கொடுத்தேன். பணத்துக்காக இல்லை, வீம்புக்குத்தான். கடைக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அளவுகளை எழுதிக்கொண்டார்.

ஜன்னல் மாட்டிய அன்று அவள் ஒரு கதவை ஓரம்வரை தள்ளினாள். பிறகு அதை மூடிவிட்டு இன்னொன்றைத் தள்ளினாள்.

"பாதிதான் திறக்குமா?"

"ஸ்லைடிங்னா அப்படித்தான்."

சரி என்று தலையாட்டிவிட்டு நாற்காலியைத் திறந்த பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றே நினைத்தேன். புழுதி குறைந்தது, அது உண்மை. ஆனால் கண்ணாடியை மூடினால் வீடு புழுங்கும். திறந்தால் அந்தப் பாதிதான். மூச்சு முட்டும் நாட்களில் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து அந்தத் திறப்புக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்று கோடைகள் அப்படி உட்கார்ந்தாள். நான்காவது வருஷம் மழை தொடங்கியபோது ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

மர ஜன்னல் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் இல்லை என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. பிழைக்காவிட்டாலும் காற்றாவது வாங்கியிருப்பாளே.

அந்த வருஷமே ரிடையர் ஆனேன். திருச்சிக்குப் போகவில்லை. ஆறு மாதம் கழித்து, அளவுகளை எழுதிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அவள் முன்னால் நின்ற மர ஜன்னலைப் போலவே ஒன்று வேண்டும் என்றேன்.

"பௌதி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் கடைக்காரர். அண்ணி நலமா என்று கேட்கிற மாதிரி. சொன்னேன்.

அவர் என் அளவுச் சீட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே பௌதி போன் பண்ணிட்டாங்க, தாதா. 'இன்னைக்கு அவர் தனியா வருவார், அலுமினியம்தான் கேப்பார். எதுவும் பேசாம குடுத்துடுங்க. தோத்துப்போனா அவருக்குத் தாங்காது'ன்னாங்க."

சாமான் வாங்க வந்த நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.