அதே பச்சை ஜீப்

மனைவி மௌத்தாகி அடக்கம் செய்தபின் முற்றத்திலேயே துருப்பிடித்துக் கிடந்த பழைய ஜீப்பை நானே சுரண்டி, பட்டி பூசி, அதே பச்சையில் பெயின்ட் அடித்தேன். கல்முனை வீட்டில் கதைக்க ஆளில்லை. முன்பு வரிப்பத்தான்சேனை வயல் பாதையில் அந்த ஜீப்பைக் கண்டாலே எல்லாரும் கை காட்டுவார்கள். அந்த மரியாதை எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

பெயின்ட் காய்ந்ததும் போனேன். ஒருவரும் கை காட்டவில்லை. ஜீப்பை நிறுத்தி, வரம்பில் நின்ற விவசாயியிடம், "என்ட ஜீப்பத் தெரியல்லயா?" என்று கோபமாகவே கேட்டேன்.

"தெரியும் காக்கா. பக்கத்துல இருந்து உங்கட பொஞ்சாதி, எங்கட ராத்தாதான் முதல்ல கை காட்டுவா. நாங்க அவவுக்குத் திருப்பிக் காட்டுவம். நீங்க எங்கள ஒருநாளும் பார்த்ததில்லையே," என்றார்.

திரும்பும் வழியில், களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு முதன்முறையாகக் கை காட்டினேன். அவர்களும் காட்டினார்கள். அவர்கள் பார்வை மட்டும் என் பக்கத்து வெறும் சீட்டில் இருந்தது.