தோளுக்கு நான் தைத்த மெத்தை

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர், திருப்பூரில் ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலராக இருந்தார். பைக்கிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்து கூடிய பிறகு, சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்குமே, அந்த உதைக்கு அஞ்சத் தொடங்கினார். ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் சோதனையில் குறி பார்த்துச் சுட்டுக் காட்டினால்தான் வேலை நிலைக்கும்.

நான் பனியன் கம்பெனியில் டெய்லர். எனக்கு வேறென்ன தெரியும்? மெஷினடியில் கொட்டிக் கிடந்த வெட்டுத்துணியை அள்ளி வந்து, பூப்போல ஒரு மெத்தை தைத்து, அவர் சட்டைத் தோளுக்குள் வைத்தேன்.

"ஏம்புள்ள, சண்டைக்குப் போறவனுக்கு மெத்தை தெக்கறயா?" என்று சிரித்தார். ஆனாலும் சோதனைக்குப் போட்டுக்கொண்டு போனார்.

மாலையில் உடன் வேலை பார்க்கும் நண்பர் அவரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

"ஒரு குண்டுகூட குறி அட்டையில படலீங்க அக்கா. மெத்தை மேல துப்பாக்கிக் கட்டை நிக்குமுங்களா? வழுக்கி வழுக்கி உதைச்சிருச்சு. எந்தக் கிறுக்கன் வெச்சுக் குடுத்தானோ, வேலையே போச்சுங்க!"

கொண்டுவந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எவனுமில்லப்பா, நானாத்தான் வெச்சுக்கிட்டேன்" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.

அந்தக் கிறுக்கச்சி நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. துப்பாக்கியைத் தோளோடு இறுக்கிப் பிடித்திருந்தால் எப்படியோ தாங்கியிருப்பார். நடுவில் புகுந்தது என் அன்பு.

இப்போது வீட்டிலேயே இருக்கிறார். கன்றிய தோள் எனக்குத் தெரியக் கூடாதென்று, சட்டை மாற்றும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.