அம்சவல்லி வாங்கிவந்த சக்கரம்

பொச்சாவாமை என்றொரு குணம் உண்டு. வயல் செழித்து மனம் நிறைந்திருக்கும் வேளையிலும் காவலை மறவாதிருத்தல் என்பது அதன் பொருள். கீழ்வேளூருக்குக் கிழக்கே அக்குணத்துக்கு அம்சவல்லி என்று பெயர்.

அவள் தகப்பன் வீரையன் பண்ணைக் கூலியாளாய்ப் பிறந்து, செங்கொடி பிடித்து, நில உச்சவரம்பில் கிடைத்த துண்டு வயலுக்கு உடையவனாய்க் கண்மூடியவன். மகளோ வயலைவிட மதகையே அதிகம் பார்த்தாள்.

காரணம் இருந்தது. வீடுதோறும் இலவசத் தொலைக்காட்சி ஒளிர்ந்த அந்நாளில், ஊரின் வெள்ளத்தைக் கடலுக்கு வடிக்கும் மதகை ஓர் அயல்நாட்டு நிறுவனத்திடம் அரசு ஒப்படைத்திருந்தது. கடல் கடந்த ஊரில் ஒருவன் பொத்தானை அழுத்தினால் இங்கே ஷட்டர் ஏறும். கையால் ஏற்றும் இரும்புச் சக்கரத்தையோ, பாதுகாப்புக் கருதி என்று கழற்றி, நாகப்பட்டினத்து அலுவலகத்தில் பூட்டிவிட்டார்கள். சென்ற ஆண்டு வெள்ளத்தில் பொத்தான்காரன் விடுமுறையில் இருந்தான். அம்சவல்லியின் சம்பாப் பயிர் அழுகிற்று. இன்னொரு முறை அழுகினால் வயலை விற்பதன்றி வேறு வழியில்லை.

ஆயுதபூசைக்கு முதல்நாள் அவள் அந்த அலுவலகத்தில் போய் நின்றாள். நிறுவனத்தின் எஞ்சினீயர் இளையபெருமாள், சுவாமிமலையில் சிலை வார்க்கும் குடும்பத்துப் பிள்ளை.

"தம்பி, மதகுக்குப் பூசை போடணும். சக்கரத்தைக் குடுங்க."

"மோட்டார் இருக்கேக்கா. அதுக்குப் பொட்டு வைங்க."

"உளியைப் பூட்டி வச்சுட்டு உங்கப்பா வெறும் பட்டறைக்கா பூசை போடுவாரு?"

இளையபெருமாள் நெளிந்தார். "கம்பெனியைக் கேக்கணும். இப்ப அங்க தூங்குவாங்க."

"சாமி காரியத்துக்கு அவங்களை எழுப்பாதீங்க, பாவம்."

சக்கரம் அம்சவல்லியின் இடுப்பேறிற்று. "நாளைக்குச் சாயங்காலம் திருப்பிடணும்" என்று இளையபெருமாள் பின்னாலேயே ஓடிவந்தார். "பூசையில வச்சதை விஜயதசமிக்கு முன்னால அசைக்கலாமான்னு உங்கம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க" என்று பேருந்தில் ஏறினாள்.

பூசையன்றே மழை பிடித்துக்கொண்டது. மறுநாட் காலை இளம்பயிர் நுனிமட்டும் தெரிய நின்றது. மதகோ மூடிக் கிடந்தது. சொட்டச் சொட்ட வந்து சேர்ந்த இளையபெருமாள் கைப்பேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்னங்கறாங்க?"

"அவங்க திரையில மதகு திறந்திருக்காம்க்கா. இனிமே திறக்க ஒண்ணுமில்லையாம்."

"அப்ப அந்தத் திரையிலேயே நாத்து நடச் சொல்லுங்க!" என்றவள், சாமந்தி மாலையோடு சக்கரத்தைக் கொணர்ந்து மாட்டினாள். "ம், சுத்துங்க தம்பி. நானும் பிடிக்கிறேன்."

"வேலை போயிடும்க்கா."

"வேலை போனா சிலை வார்க்கலாம். வயல் போனா நான் எதை வார்க்கிறது?"

எஞ்சினீயர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுற்றினார். ஷட்டர் முனகி ஏறிற்று. வெள்ளம் கடலை நோக்கி இரைந்தோடியது. மாலைக்குள் பயிர் தலைதூக்கியது.

சக்கரம் திரும்பவில்லை. கேட்டபோதெல்லாம் அதற்கு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. கடைசியில் விசாரிக்க வந்த பொதுப்பணித்துறை அதிகாரி, கடலுக்கு அப்பாலிருந்து மூடித் திறக்கும் மதகைப் பற்றி முழுக் கதையும் கேட்டார். சக்கரத்துக்குத் தாமும் ஒரு பொட்டு வைத்தார். சக்கரம் ஊரிலேயே இருக்கட்டும் என்று உத்தரவிட்டுப் போனார்.

அம்சவல்லியின் மனையில் குதிர் நிறைக, அடுப்பு குளிராதிருக்க, அவள் மக்களும் மக்கள்தம் மக்களும் தழைக்க, அவ்வீட்டுப் பரணில் அச்சக்கரம் துருவேறாதிருக்கத் திருவருள் துணைநிற்க!