நெயில் பாலிஷ் பூசிய உண்ணிகள்

மாட்டுக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும் உண்ணிகள் எங்கே விழுகின்றன, எங்கிருந்து திரும்ப ஏறுகின்றன என்று பின்தொடர்வதுதான் என் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். வெள்ளைத் துணியொன்றைக் கம்பில் கட்டிப் புல்மேல் இழுத்துப் போவேன். குஞ்சு உண்ணிகள் மாடுதான் வருகிறது என்று நம்பித் தொற்றிக்கொள்ளும். மாட்டின் மேலிருக்கும் பெரிய உண்ணிகளுக்கு முதுகில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ். பிறகு அவை எங்கே விழுந்து முட்டையிட்டன என்று தேட வேண்டும்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு. அங்கிருந்த அக்காவுக்கு முந்தின வருடம் உண்ணிக் காய்ச்சலில் ஒரு சினைமாடு செத்துப்போயிருந்தது. மிஞ்சியது ஒரே மாடு, அதுவும் சினை. நான் சிவப்புப் பொட்டு வைப்பதைப் பார்த்து, "உண்ணிக்குக் கல்யாணமுங்களா அம்மணி?" என்றார்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். மேய்ச்சல் புல்லில் இழுத்த துணி வெறுமனே வந்தது. கொட்டகைக்குப் பின்னால், காய்ந்த தென்னமட்டைக் குவியலோரம் இழுத்ததும் ராகி சிந்தினாற்போல் நிறைந்துவிட்டது. மட்டைகளைப் புரட்டினேன். அடியில் முட்டையிட்டுச் சுருங்கிக் கிடந்த உண்ணிகளின் முதுகில் என் சிவப்புப் பொட்டு.

"இதுக எப்படிங்கக்கா இங்க வந்துச்சு?"

"நாந்தானுங்க புடுங்கிப் போட்டேன். சென மாடு நிக்கறப்ப ஒரு உசுரக் கொல்லலாமுங்களா?"

எனக்குக் கோபம் சட்டென்று வரும். "நீங்களே குடி வெச்சு வளத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. "அப்ப, போன மாடும் என்னாலதானுங்களா?"

என் பொட்டு இந்த வருடத்து உண்ணிக்குத்தான் சாட்சி சொல்லும். "அது எனக்குத் தெரியாதுங்கக்கா" என்றேன். பொய்யில்லை. ஆனாலும் என் வாயை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மட்டைகளை அன்றே நானே அள்ளி எரித்தேன், அக்கா கிட்டே வரவில்லை. இனி மாட்டில் பிடுங்கும் உண்ணிகளைத் தன் கையால் கொல்லவும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "புடிச்சு டப்பாவுல மூடி வெக்கறனுங்க. நீங்க கொண்டுபோயி என்னமோ பண்ணுங்க."

அதற்குப்பிறகு வாரம் ஒருமுறை பொள்ளாச்சி பஸ்ஸில் போய் அந்த மாத்திரை டப்பாவை வாங்கிவந்து, சோப்புத் தண்ணீரில் கொட்டுவேன். ஆய்வுக்கு அது தேவையே இல்லை. ஆனால் அந்த மாடு நல்லபடியாக ஈன வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கன்று பிறந்த மறுநாள் போனேன். கிடாரிக் கன்று, தாய் அதை நக்கி முடித்தபாடில்லை. நான் அதன் நெற்றியைத் தடவிவிட்டு, வழக்கம்போல டப்பாவுக்குக் கை நீட்டினேன். அக்கா தரவில்லை. மூடியை மட்டும் திறந்து காட்டினார். சோப்புத் தண்ணீரில் உண்ணிகள் செத்துக் கிடந்தன.

"மாடுதான் ஈண்டுருச்சுங்களே, நானே கொன்னுபோட்டேன்" என்றார். பிறகு, வேலையிடத்தில் யாருக்கும் சொல்லாமல் துப்பட்டாவில் மறைத்து வந்த என் ஐந்து மாத வயிற்றைப் பார்த்தார்.

"இனி உங்க கையில இது வேண்டாமுங்க, கண்ணு."